அனிமேஷன் ஆசை போய் துணி டிசைன் ஆசை வந்துவிட்டது. அடுத்த போஸ்டிங்குக்கு முன் எதைப் படிப்பது?

சிவகாசிப் பொண்ணு எழுதியது:

வணக்கம். பெரிய பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரர் ராணுவத்தில் இன்ஜினியர்ஸ் பிரிவில் நாயக். யூனிட் விவரம் எழுத மாட்டேன், கேட்கவும் வேண்டாம். இப்போது ஜெய்ப்பூரில் குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். மகளுக்கு முழுப் பரீட்சை முடிந்ததும் பெட்டி கட்ட வேண்டியிருக்கும். வட வங்காளத்தில் தேயிலைத் தோட்டங்கள் பக்கம் என்கிறார்கள். ஆர்டர் கைக்கு வரும்வரை எதுவும் நிச்சயம் இல்லை என்பது இங்கே இருக்கிற ராணுவ வீட்டம்மாக்களுக்குத் தெரியும்.

2017-இல் விஸ்காம் சேர்ந்தேன். 2டி அனிமேஷன்தான் என் வாழ்க்கை என்று வீட்டில் சண்டை போட்டுச் சேர்ந்த படிப்பு. 2019-இல் கல்யாணம். நாலு செமஸ்டரோடு நின்றது. அம்பாலாவில் முதல் குவார்ட்டர்ஸ் கிடைத்தபோது பழைய லேப்டாப்பில் வாட்ஸ்அப் கல்யாணப் பத்திரிகை வீடியோ செய்து கொடுக்க ஆரம்பித்தேன். மாப்பிள்ளை பெண் பொம்மை நடந்து வரும், மணி அடிக்கும், தேதி விழும், அந்த மாதிரி. ஒன்றுக்கு 1,500, சில சமயம் 2,000 கிடைக்கும். அப்புறம் அவருக்குக் குடும்பத்தை அழைத்துப் போக முடியாத ஃபீல்டு போஸ்டிங் வந்தது. குழந்தையோடு சிவகாசிக்கு வந்து மாமியார் வீட்டில் இருந்தேன். அந்தச் சமயத்தில்தான் இக்னோ தொலைதூரக் கல்விப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. சேர்ந்தேன். வரலாறும் ஆங்கிலமும். ஏதாவது ஒரு டிகிரி கையில் இருக்கட்டும் என்றுதான். ஆசைப்பட்டுச் சேரவில்லை.

என் அனிமேஷன் ஆசை போஸ்டிங்கால் செத்துப்போனது என்று எல்லோரும் பாவம் பார்க்கிறார்கள். அம்மா பார்க்கிறார், காலேஜ் தோழிகள் பார்க்கிறார்கள், இவர்கூட லீவில் வரும்போதெல்லாம் "என்னாலதான் உன் படிப்பு போச்சு" என்பார். அது உண்மை இல்லை. பத்திரிகை வீடியோ செய்யும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. பொம்மையை நடக்க வைக்க மனசே வராது, தள்ளிப் போட்டுக்கொண்டே இருப்பேன். பெண்ணின் புடவைக்கு உடல் கட்டமும் பார்டரும் வரைய உட்கார்ந்தால் ராத்திரி இரண்டு மணி ஆவது தெரியாது. வாடிக்கையாளர் அதைக் கவனிக்கவே மாட்டார். ஃபோன் திரையில் அது நகம் அளவுகூடத் தெரியாது.

ஜெய்ப்பூர் வந்த பிறகு ஃபேமிலி வெல்ஃபேர் சென்டரில் இருந்து எங்களை ஒரு நாள் பக்ரு என்ற ஊருக்கு அழைத்துப் போனார்கள். அஜ்மீர் ரோட்டில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். மற்றவர்கள் பெட்ஷீட் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அச்சு மேசை பக்கத்திலேயே நின்றுவிட்டேன். சீப்பா என்று ஒரு சமூகத்தார், தலைமுறை தலைமுறையாகக் கட்டை அச்சு போடுகிறவர்கள். துணியை முதலில் கடுக்காய்த் தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைப்பார்கள், இளமஞ்சளாக வரும். பழைய இரும்பையும் வெல்லத்தையும் நாள்கணக்கில் ஊறவைத்த தண்ணீரைக் கெட்டியாக்கி அதில் கட்டையைத் தொட்டு அச்சு வைத்தால், கடுக்காய் பிடித்த இடத்தில் கறுப்பு ஏறும். படிகாரத்தில் வைத்த அச்சு, பிறகு சாயத் தொட்டியில் போடும்போது சிவப்பாக வரும். டாபு என்று இன்னொன்று: களிமண், சுண்ணாம்பு, கோந்து, கோதுமைத் தூள் சேர்த்துக் குழைத்த சேற்றால் அச்சு வைத்து, மேலே மரத்தூள் தூவி, வெயிலில் காயவைத்து நீலத் தொட்டியில் முக்குவார்கள். சேறு இருந்த இடத்தில் மட்டும் நீலம் ஏறாது.

என் அப்பா சிவகாசியில் ஆஃப்செட் பிரஸ்ஸில் மெஷின்மேன். காலண்டர் சீசனில் வீட்டுக்கு வந்ததும் முதல் புலம்பலே "ரிஜிஸ்டர் விலகிப்போச்சு" என்பதுதான். நாலு கலரும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராவிட்டால் சரஸ்வதிக்கு இரண்டு மூக்கு வந்துவிடும். பக்ருவிலும் அதே கவலைதான். ஒரு பூவுக்கே கோட்டுக்கு ரேக் என்று ஒரு கட்டை, உள்ளே நிரப்ப தத்தா என்று ஒன்று, பின்புலத்துக்கு கத் என்று ஒன்று. கட்டையின் ஓரத்தில் இருக்கிற சின்னப் புள்ளியை வைத்து அடுத்த அச்சைச் சேர்க்கிறார்கள். அப்பாவுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினேன். அரை மணி நேரம் அங்கே அச்சு போடுகிற பெரியவர் ஒருவரும் அப்பாவும் ஆளுக்கொரு பாஷையில் பேசிக்கொண்டார்கள். நடுவில் நான் எதற்கு என்று ஃபோனை அவரிடமே கொடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் மகளை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டுத் தனியாகப் போய்க் கற்றுக்கொள்கிறேன். வீட்டுக்கு வந்து கிரிட்டா என்கிற இலவச சாஃப்ட்வேரில் பேட்டர்ன் போடுகிறேன். டபிள்யூ கீயை அழுத்தினால் நாம் வரைகிற கட்டம் நாலு பக்கமும் தானாகத் தொடர்ந்து தெரியும். காசு கொடுத்து வாங்கும் சாஃப்ட்வேர் தேவையே வரவில்லை.

இப்போது என் குழப்பம். பி.ஏ.வில் இன்னும் ஒரு வருஷத்துப் பேப்பர்கள் பாக்கி. அதை விட்டுவிட்டு ஏதாவது டெக்ஸ்டைல் டிசைன் கோர்ஸில் சேரலாமா? நிஃப்ட் (மத்திய அரசின் ஃபேஷன் டெக்னாலஜி கல்லூரி) பி.டெஸ். டிசைன் டிகிரிக்கு வயசு வரம்பு 24, தாண்டிவிட்டேன். தனியார் ஆன்லைன் கோர்ஸ்காரர்கள் தினம் ஃபோன் செய்கிறார்கள், ஒரு லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள். இங்கே சீனியர் வீட்டம்மாக்கள் எல்லோரும் ஒரே குரலில் "பி.எட். பண்ணு, ஆர்மி ஸ்கூல்ல வேலை, எந்த ஊர் போனாலும் கிடைக்கும்" என்கிறார்கள். தப்பான யோசனை இல்லை, பலருக்கு அதுதான் சோறு போட்டிருக்கிறது. எனக்கு வகுப்பெடுக்க வராது. சென்டரில் மெஹந்தி கிளாஸ் எடுக்கச் சொன்னார்கள். சொல்லிக் கொடுப்பதற்குப் பதில் எல்லோருக்கும் நானே போட்டுவிட்டுக் கை வலியோடு வந்தேன்.

இன்னொன்று. இத்தனை தடவை மாறியவளை யாராவது வேலைக்கு எடுப்பார்களா? விஸ்காம் பாதி, வீடியோ கொஞ்சம், வரலாறு பி.ஏ., இப்போது பேட்டர்ன். இதை எப்படி எழுதிக் காட்டுவது?

நேர்மையாச் சொல்றேன் எழுதியது:

விஸ்காமை முடித்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. இரண்டு செமஸ்டருக்காக டிகிரியை விட்டீர்கள். இப்போது பி.ஏ.வையும் விடப் பார்க்கிறீர்கள். நாளைக்குத் துணியும் சலித்துவிடும்.

வேலூர் சுபேதாரம்மா எழுதியது:

மேலே எழுதிய தம்பி, அவள் விட்டது இரண்டு செமஸ்டரை. கூடவே ஹாஸ்டல், ஊர், வீடு எல்லாம் மாறியது. அது இருக்கட்டும்.

சிவகாசித் தங்கச்சி, என் வீட்டுக்காரர் சுபேதாராக ரிட்டையர் ஆனவர். ஜான்சி, பதான்கோட், செகந்திராபாத், அப்புறம் நீ போகப்போகிற அதே பக்கம். அதனால் உரிமையோடு சொல்கிறேன்: பி.ஏ.வை விடாதே. ஆர்மி பிள்ளைகளுக்கு கேந்திரிய வித்யாலயா இருக்கிறது, டி.சி.யோடு போனால் அடுத்த ஊரில் இடம். நமக்கு அப்படி ஊர் ஊராகக் கூட வருகிற காலேஜ் இக்னோ ஒன்றுதான். மூன்று வருஷப் பி.ஏ.வை ஆறு வருஷம்வரை இழுத்துப் படிக்கலாம். ரீஜனல் சென்டர் மாற்ற ஆன்லைனிலேயே விண்ணப்பம் போடலாம். ஜூன், டிசம்பர் இரண்டு தடவை பரீட்சை. பரீட்சை ஃபாரத்தில் சென்டரைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த மாதம் நீ எங்கே இருப்பாயோ அந்த ஊரைப் போடு, இப்போது இருக்கிற ஊரைப் போடாதே. அசைன்மென்ட்டுக்கு 30 சதவீதம் மார்க். பெட்டி கட்டுவதற்கு முன்பே அதை முடித்துச் சமர்ப்பித்து, ஒப்புதல் சீட்டை ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொள். புது ஊரில் குவார்ட்டர்ஸ் வெயிட்டிங் லிஸ்டில் இருக்கும்போது, கெஸ்ட் ரூமில் பெட்டி மேல் உட்கார்ந்து அசைன்மென்ட் எழுதுவது நரகம்.

விஸ்காம் கிரெடிட்டைப் பற்றியும் கேட்பார்கள். படித்து வாங்கிய கிரெடிட்டைச் சேமித்து வேறு காலேஜுக்கு மாற்ற அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் என்று 2021-இல் வந்தது. அதில் 2021–22 கல்வியாண்டு முதல் வாங்கிய கிரெடிட்தான் ஏறும். உன்னுடையது 2017–19, அதில் சேராது. ஆனாலும் காலேஜில் நாலு செமஸ்டர் மார்க் ஷீட்டையும் வாங்கி வைத்திரு. ஊருக்குப் போகிற லீவில் முதல் வேலையாக அதைச் செய்.

பி.எட். பற்றி: ரெகுலர் காலேஜில் இரண்டு வருஷம், நடுவில் பள்ளிக்கூடப் பயிற்சி வேறு. இக்னோ பி.எட். எல்லோருக்கும் கிடையாது, ஏற்கெனவே ஆசிரியப் பயிற்சி முடித்தவர்களுக்குத்தான். எனக்கு இரண்டாம் வருஷம் நடுவில் போஸ்டிங் வந்து, நான் எஸ்.எஃப். குவார்ட்டர்ஸ் (கணவரைப் பிரிந்து தனியாக இருக்கும் குடும்பங்களுக்குத் தருவது) வாங்கிப் பின்தங்கி, பிள்ளைகளோடு தனியாக இருந்து முடித்தேன். சொல்லிக் கொடுக்கப் பிடிக்கும், அதனால் முடிந்தது. பிடிக்காதவள் இந்தப் பாட்டைப் படக் கூடாது.

உன் படங்களை இன்ஸ்டாவில் போடுகிறாயா? 2020-இல் 89 ஆப்களை ஃபோனில் இருந்து எடுக்கச் சொல்லி ஜவான்களுக்கு உத்தரவு வந்தது ஞாபகம் இருக்கும். அது அவர்களுக்கு. நீ கணக்கு வைத்திருக்கலாம், ஆனால் கேட், போர்டு, யூனிஃபார்ம், குவார்ட்டர்ஸ் நம்பர் எதுவும் படத்தில் விழக் கூடாது. லொகேஷனை அணைத்து வை. மொட்டைமாடியில் துணி காயப்போட்டு எடுக்கிற ஃபோட்டோவில் பின்னால் என்ன தெரிகிறது என்று இரண்டு தடவை பார். காசு வாங்கி வேலை செய்ய ஆரம்பிக்கும் முன் வீட்டுக்காரரை விட்டு யூனிட் ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். வட வங்காளத்தில் ஈரம் அதிகம், பேப்பர், துணி எல்லாம் பூஞ்சணம் பிடிக்கும். உன் மாதிரித் துணிகளை டிரங்குப் பெட்டியில் வேப்பிலையோடு பாலித்தீன் சுற்றி வை.

ஈரோடு ஸ்கிரீன் எழுதியது:

நான் துணிப் பிரிண்டிங் யூனிட்டில் டிசைன் பகுதியில் இருக்கிறேன். தங்கச்சி போஸ்ட்டில் ரிஜிஸ்டர் விலகுவதைப் பற்றிப் படித்ததும் பதில் போட வேண்டும் என்று தோன்றியது. எங்களிடம் வேலை கேட்டு வருகிற டிசைன் பட்டதாரிகள் அழகாக வரைகிறார்கள், ஒரு கலருக்கு ஒரு ஸ்கிரீன் என்பதை நாங்கள்தான் சொல்லிக் கொடுக்கிறோம். 14 கலர் பூவைக் கொண்டுவந்து வைப்பார்கள். ஸ்கிரீன் செலவைச் சொன்னால் முகம் வாடிவிடும். உங்களுக்கு அது பிரஸ் வீட்டிலேயே தெரிந்திருக்கிறது. அதைத்தான் முதலில் எழுதிக் காட்ட வேண்டும்: ஆஃப்செட் வீட்டில் வளர்ந்தேன், அனிமேஷன் படித்தேன், கட்டை அச்சு கையால் செய்கிறேன். இதில் தாவல் எங்கே இருக்கிறது? மூன்றிலும் லேயர் பிரித்து அடுக்குவதுதான் வேலை.

கோர்ஸுக்கு ஒரு லட்சம் கட்டாதீர்கள். சான்றிதழை யாரும் பார்ப்பதில்லை, ஃபைலைத் திறந்து பார்ப்பார்கள். அதில் நாங்கள் தேடுவது:

ரோட்டரி ஸ்கிரீனின் (துணி மேல் உருண்டு அச்சிடும் உருளை) சுற்றளவு பொதுவாக 64 செ.மீ. உங்கள் கட்டத்தின் உயரம் 64, 32, 16 என்று அதற்குள் மிச்சமில்லாமல் அடங்க வேண்டும். 30 செ.மீ. போட்டு அனுப்பினால் எவ்வளவு அழகாக இருந்தாலும் நாங்கள் திரும்ப வரைய வேண்டும். டிஜிட்டல் பிரிண்டில் இந்தக் கட்டுப்பாடு இல்லை, ஆனால் பெரிய ஆர்டர் என்றால் இன்னமும் ரோட்டரிதான் மலிவு. அப்புறம், ஒரே டிசைன் மூன்று கலர் சேர்க்கையில். ஒரு பெரிய பூ டிசைனுக்குத் துணையாகச் சின்னக் கொடி ஒன்று, கோடோ புள்ளியோ ஒன்று; தனி டிசைனாக வாங்குகிறவர்கள் குறைவு, செட்டாகத்தான் கேட்பார்கள். கலர்களைத் தனித்தனி லேயரில், ஆறுக்குள் முடித்துக் காட்டுங்கள். பான்டோன் புத்தகம் (கலர்களுக்கு நம்பர் போட்ட மாதிரிப் புத்தகம்) வாங்க அவசரப்படாதீர்கள், விலை தாங்காது. மில்லே கலர் நம்பர் கொடுக்கும்.

கோலத்தை வைத்து டிசைன் போடலாம் என்று யாராவது நிச்சயம் யோசனை சொல்வார்கள். எங்கள் டேபிளுக்கு வருகிற போர்ட்ஃபோலியோவில் பாதி கோலம்தான். உங்களுக்கே புதிதாக ஏதாவது கோலத்தில் தெரிந்தால் ஒழிய அந்தப் பக்கம் போகாதீர்கள்.

பக்ருக்காரர்கள் பூவை அப்படியே எடுத்து உங்கள் டிசைன் என்று விற்கவும் கூடாது. பக்ரு, ஜெய்ப்பூர்ப் பக்கத்து இன்னொரு கட்டை அச்சு ஊரான சாங்கானேர், இரண்டின் அச்சுக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. அது ஒரு பக்கம், உங்களுக்குக் கற்றுக்கொடுத்த பெரியவர் இன்னொரு பக்கம். அமைப்பைக் கற்றுக்கொள்ளுங்கள்: கோடு, நிரப்பு, பின்புலம் எப்படிப் பிரிகிறது, இரண்டு அச்சு சேரும் இடத்தை எப்படி மறைக்கிறார்கள். பூ உங்களுடையதாக இருக்கட்டும்.

விற்கும்போது சட்டம் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 15. டிசைன்ஸ் சட்டத்தில் பதிவு செய்யத்தக்க டிசைனைப் பதிவு செய்யாமல் விட்டு, அது போட்ட பொருள் தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் தயாரானால், அதன் பதிப்புரிமை போய்விடும். துணியில் 50 என்பது ஒரு காலை நேர வேலை. அதனால் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் மொத்தமாக விற்றுக் காசை வாங்கிக்கொள்கிறார்கள். ராயல்டி பேச்சு பேசுகிறவர் எழுத்தில் என்ன தருகிறார் என்று பாருங்கள்.

பி.ஏ.வை முடிக்கச் சொல்ல எனக்கும் ஒரு காரணம் இருக்கிறது, சுபேதாரம்மா சொன்னதோடு சேர்த்து. நிஃப்ட்டின் முதுகலைப் படிப்பான எம்.டெஸ்ஸுக்கு வயசு வரம்பு கிடையாது. எந்தப் பாடத்தில் டிகிரி இருந்தாலும் நுழைவுத் தேர்வு எழுதலாம். வரலாறு பி.ஏ. போதும். சென்னை, பெங்களூர் மட்டும் இல்லை, ஜோத்பூர், கொல்கத்தா, காங்ரா, ஷில்லாங், ஸ்ரீநகர் என்று கேம்பஸ் இருக்கிறது. பட்டியலைப் பார்த்தால் உங்கள் வீட்டுக்காரரின் போஸ்டிங் சீட்டு மாதிரி இருக்கும். எல்லாக் கேம்பஸிலும் எம்.டெஸ். இல்லை, கட்டணமும் லேசு இல்லை. இப்போதே சேரச் சொல்லவில்லை. கதவு மூடாமல் இருக்கட்டும் என்கிறேன்.

சிவகாசிப் பொண்ணு எழுதியது:

எம்.டெஸ். விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. பி.டெஸ். வயசு வரம்பைப் பார்த்ததும் அந்த வெப்சைட்டையே மூடிவிட்டேன். நன்றி அண்ணா.

நேர்மையாச் சொல்கிறவருக்கு: துணி சலிக்குமா என்று எனக்கும் தெரியாது. அனிமேஷன் சலித்தது ஊர் மாறியதால் இல்லை என்பது மட்டும் தெரியும். விஸ்காமை முடித்திருந்தாலும் அது சலித்திருக்கும், கையில் டிகிரி இருந்திருக்கும். அந்த அளவுக்கு உங்கள் பேச்சு சரி.

சுபேதாரம்மா, நேற்றே அசைன்மென்ட்டை எடுத்து வைத்துவிட்டேன். இவரிடம் உங்கள் பதிலைப் படித்துக் காட்டினேன். கெஸ்ட் ரூம் பெட்டி வரைக்கும் வந்ததும் சிரித்துவிட்டார், அம்பாலாவில் நாங்களும் அப்படித்தான் இருந்தோம். யூனிட் ஆபீஸில் கேட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். மொட்டைமாடி ஃபோட்டோ இரண்டை இன்ஸ்டாவில் இருந்து எடுத்துவிட்டேன், பின்னால் தண்ணீர்த் தொட்டியில் எழுத்து தெரிந்தது.

பி.எட். இல்லை என்று முடிவு. ஆன்லைன் கோர்ஸும் இல்லை. கிளம்புகிறவரை சனிக்கிழமை பக்ரு, ராத்திரி பேட்டர்ன், நடுவில் வரலாறு. டாபு சேறு குழைக்கும் பதத்தை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு போக முடியாது, கையால்தான் பழக வேண்டும் என்கிறார் பெரியவர். அதனால் அதற்குத்தான் முதல் இடம், கம்ப்யூட்டர் வேலை எந்த ஊரிலும் செய்யலாம்.

ஈரோடு அண்ணா, ஒரு சந்தேகம். நான் போட்டதெல்லாம் ஹாஃப் டிராப், பக்கத்து வரிசை பாதி இறங்கி வரும். 32 செ.மீ. உயரத்தில் போட்டால் 64 கணக்கு உதைக்குமா?

வேலூர் சுபேதாரம்மா எழுதியது:

வட வங்காளத்துப் பக்கம் போடோ, ராபா பழங்குடிப் பெண்கள் வீட்டுத் தறியில் நெய்வார்கள். கேன்டீன் வாசலிலேயே இரண்டு வருஷமும் உட்கார்ந்திருக்காமல் போய்ப் பார். நான் இருந்த காலத்தில் போகவில்லை, சின்னவனுக்கு அப்போது எட்டு மாசம்.

ஈரோடு ஸ்கிரீன் எழுதியது:

உதைக்காது. வரிசை பாதி இறங்கினாலும் ஒவ்வொரு வரிசையும் மேலிருந்து கீழே 32-க்கு ஒரு தடவைதான் திரும்ப வருகிறது, அதனால் உயரக் கணக்கு மாறாது. அகலத்தில்தான் இரண்டு வரிசைக்கு ஒரு தடவை திரும்பும். ஃபைலில் இரண்டு வரிசை சேர்த்து முழுக் கட்டமாக வைத்தால் நேராக அடுக்கினாலே சரியாக வரும்; கட்டம் ஒன்றை மட்டும் அனுப்பினால் மேல் ஓரத்தில் 'ஹாஃப் டிராப்' என்று எழுதிவிடுங்கள். எழுதாமல் விட்டால் எங்கள் பையன் நேராக அடுக்கிவிடுவான்.

கிரிட்டாவில் இந்த டபிள்யூ வசதி நேர் அடுக்குத்தான் காட்டும். ஹாஃப் டிராப் பார்க்க இங்க்ஸ்கேப்பில் டைல்டு குளோன் போட்டுப் பாருங்கள், அதுவும் இலவசம். ஒரு செட் முடிந்ததும் இங்கேயே போடுங்கள். கலர் பிரித்த ஃபைலாக வேண்டும், ஜேபெக் வேண்டாம்.